ஆகஸ்ட் 1ஆம் தேதிக் கணக்கு

திருவாரூர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அறையில் 1930களின் நடுவில் நடந்த ஒரு சம்பவம் பலரும் அறிந்ததுதான். நுழைவுத் தேர்வில் தேறாத ஒரு சிறுவன், பள்ளியில் இடம் தராவிட்டால் கமலாலயத் திருக்குளத்தில் விழுந்து உயிரை விட்டுவிடுவதாகச் சொல்கிறான். தலைமையாசிரியர் பயந்தாரோ, மனமிரங்கினாரோ, பையனுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. திருக்குவளையிலிருந்து வந்த அந்தப் பையன் பின்னாளில் ஐந்து முறை தமிழகத்தின் முதல்வரானார். மு. கருணாநிதியின் 'நெஞ்சுக்கு நீதி'யைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. அவருடைய அரசியலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். எனக்கு இந்தக் காட்சி வேறொரு காரணத்துக்காக வேண்டியிருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் ஓரிடத்துக்காக ஒரு சிறுவன் குளத்தில் குதிக்கத் துணிந்த காலம் ஒன்று இந்தக் காவிரிக் கரையில் இருந்திருக்கிறது.

இப்போது கோடை விடுமுறையில் தஞ்சைப் பக்கம் போகிறவர்கள் இதன் தலைகீழ்க் காட்சியைப் பார்க்கலாம். ஆட்டோவின் மேல் ஒலிபெருக்கி, பின்னால் நோட்டீஸ் கட்டுடன் ஆசிரியர்கள். ஆங்கில வழிப் பிரிவு உண்டு, புத்தகம் உண்டு, சீருடை உண்டு, சைக்கிள் உண்டு, உங்கள் பிள்ளையை எங்களிடம் அனுப்புங்கள் என்று தெருத்தெருவாகக் கேட்டுப் போகிறார்கள். ஜூன் பிறந்ததும் அதே தெருவில் காலை ஏழரைக்கு மஞ்சள் வேன் வந்து நின்று பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அதனால் பள்ளிகள் குறைகின்றன, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 1990களிலேயே இரண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 1.8. ஆனால் குழந்தைகள் குறைந்தது மட்டுமே காரணமென்றால் எல்லாப் பள்ளிகளும் ஒரே அளவில் சுருங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. யார் முதலில் வெளியேறினார்கள், யார் கடைசிவரை இருந்தார்கள் என்று பார்த்தால்தான் மீதிப் பாதி தெரியும். அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஜில்லா தோறும் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியினர், முஸ்லிம்கள் என்று கட்டம் போட்டு, ஆண் பெண் பிரித்து நிரப்பி அனுப்ப வேண்டிய படிவம் அது. தஞ்சாவூர்க் கலெக்டர் 1823இல் அனுப்பிய பதிலில் 884 பள்ளிகளும், 'கல்லூரி' என்று அவர்கள் குறித்த உயர்கல்வி இடங்கள் 109உம் இருந்தன. காந்தியவாதியான தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு, நம் பழங்கல்வியின் பெருமைக்குச் சான்றாக இவை அடிக்கடி மேடையேறுகின்றன. பெருமைப்படலாம், தவறில்லை. அந்தப் படிவத்தில் பெண்களுக்கான கட்டங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பெருமைப்படலாம் என்பது என் எண்ணம். வயலில் இறங்கி உழைத்த சேரிக் குழந்தைகள் திண்ணையில் ஏறி உட்கார்ந்ததாக அந்தக் கணக்கில் தேட வேண்டாம்.

மன்றோ இதன் அடுத்த படியாக 1826இல் ஜில்லாவுக்கும் தாலுகாவுக்கும் அரசுப் பள்ளிகள் திறக்கத் திட்டம் தந்தார். மறு ஆண்டே காலமாகிவிட்டார். பள்ளிகளும் ஒழுங்காக நடக்கவில்லை. 1836இல் அவற்றை மூடிவிட்டார்கள். இந்த மாகாணத்தில் அரசு தானே திறந்து தானே மூடிய முதல் பள்ளி வரிசை இதுதான் என்று நினைக்கிறேன்.

திண்ணைப் பள்ளிகளை யாரும் ஆணை போட்டு மூடவில்லை. உத்தமதானபுரத்துப் பையனாகத் தாம் படித்த பள்ளியையும் உபாத்தியாயரின் பிரம்பையும் உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். அவரே 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். ஒரே மனிதரின் ஆயுளுக்குள் ஒரு கல்வி முறை போய் இன்னொன்று வந்துவிட்டது. ஏடும் எண்சுவடியும் தெரிந்த பிள்ளைக்கு மிராசுதார் வீட்டில் கணக்கெழுத இடம் கிடைத்தது. இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. வசதியுள்ள வீடுகள் எதைத் தேர்ந்தெடுத்தன என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் எழுந்து போனதும் வாத்தியாருக்குப் படியளக்க ஆளில்லை. திண்ணை தானாகக் காலியாயிற்று.

இந்தக் காலியாதலில் ஒரு முறைமை இருக்கிறது. முதலில் எழுந்து போகிறவர்கள் பள்ளியின் செலவைத் தாங்கியவர்கள், அதிகாரியிடம் போய்ப் பேசத் தெரிந்தவர்கள். பிறகு நடப்பதெல்லாம் அதன் தொடர்ச்சிதான். ஊர்களுக்கும் இதுதான் கதை. நாகப்பட்டினத்தில் ஏசு சபையினர் 1844இல் தொடங்கிய புனித வளனார் கல்லூரி, 1883இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்தது. பின்னர் 1920களில் அங்கிருந்த ரயில்வே பட்டறையும் பொன்மலைக்குப் போயிற்று. துறைமுகப் பட்டினம் மெதுவாகக் கடலோரச் சிற்றூரானது.

அதன் பிறகு வந்த அரை நூற்றாண்டு தஞ்சை ஜில்லாவின் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பொற்காலம். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜன் படித்ததை ஊரார் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். சிறு ஊர்களில்கூட போர்டு ஹைஸ்கூல்கள் முளைத்தன. தி. ஜானகிராமன் வானொலிக்குப் போவதற்கு முன் பத்தாண்டுக்கு மேல் குத்தாலம், அய்யம்பேட்டை போன்ற ஊர்களில் பள்ளி ஆசிரியராகத்தான் இருந்தார். 'முள்முடி'யில் ஓய்வு பெறும் ஆசிரியரை வழியனுப்ப ஊரே திரண்டு வருவதை நினைவுகூரலாம். வாத்தியாருக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதை செலுத்திய கூட்டத்தில் பண்ணையாளின் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கேள்வி மட்டும் எனக்கு அந்தக் காலத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் வந்துவிடுகிறது.

ஏனென்றால் தஞ்சையின் நெல் பண்ணையாளின் கையில் விளைந்தது. அவன் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் பண்ணை மாட்டை மேய்க்கப் போனான். பெண் பிள்ளை தாயோடு நாற்றங்காலுக்குப் போனாள். 1952இல் ராஜாஜி அரசு தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பண்ணையாளை நினைத்தபோது விரட்ட முடியாது என்ற நிலை முதன்முறையாக ஏற்பட்டது. அதே அரசுதான் மறு ஆண்டு, 1953 ஜூனில், கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய கல்வித் திட்டத்தை அறிவித்தது. நாளுக்கு மூன்று மணி நேரப் படிப்பு, இரண்டு ஷிப்டு. மீதி நேரம் பிள்ளை வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்பது சாரம். ராஜாஜியின் நோக்கத்தை இன்று புரிந்துகொள்ள முடியும். பணமில்லை, கட்டிடமில்லை, ஆசிரியரில்லை. இருப்பதைக் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று கணக்குப் போட்டார். ஆனால் தச்சன் பிள்ளைக்கும் நெசவாளி பிள்ளைக்கும் அது என்னவாக இருந்தாலும், பண்ணையாள் பிள்ளைக்கு வீட்டுத் தொழில் என்பது பண்ணையாரின் மாடுதான். சட்டம் ஒரு கையால் அவிழ்த்த கயிற்றைத் திட்டம் மறு கையால் கட்டியது. 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டிப் பெரியார் நடத்திய எதிர்ப்பில், 1954இல் ஒரு நடைப்பயணப் படை சென்னைக்குப் புறப்பட்ட இடம் நாகப்பட்டினம். அது தற்செயலாக இருக்கலாம். எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. அந்த ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை என்பதால் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். காமராஜரும் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவும் ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்று ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டார்கள். 1956இல் மதிய உணவு, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். மாநாட்டில் ஊர்க்காரர்கள் பெஞ்சும் கடிகாரமும் நிலமும் கொடுத்தார்கள். இந்த வழக்கம் வெகுகாலம் நீடித்தது. நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க ஊர் ஒரு லட்சம் கட்ட வேண்டும், மேல்நிலைப் பள்ளியாக்க இரண்டு லட்சம் என்று பிற்காலத்தில் விதியே இருந்தது. எங்கள் பகுதியில் இதற்கு அறுவடைக் களத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று வசூலித்த ஊர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். டெல்டாவின் பல உயர்நிலைப் பள்ளிகள் அரசின் பெயரில் இருந்தாலும் ஊர் தன் நெல்லைப் போட்டுக் கட்டியவை. ஐந்து மைல் அளவுகோல் வந்த பிறகுதான் சேரிப் பிள்ளையும், குறிப்பாகச் சேரிப் பெண் பிள்ளையும், ஆறாம் வகுப்புக்கு மேல் போக முடிந்தது. 1823இன் படிவத்தில் காலியாக இருந்த கட்டங்கள் இங்கேதான் நிரம்பின.

நிரம்பிய அதே நேரத்தில் மறுபக்கம் காலியாகத் தொடங்கியது என்பதுதான் விசித்திரம். பல்கலைக்கழகங்களின் பொறுப்பிலிருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள் 1970களின் இறுதியில் மாநிலத் தனி வாரியத்தின் கீழ் வந்தபோது அவை சில டஜன்களே. 1980, 90களில் அவை பல்கிப் பெருகின. அக்ரகாரங்கள் அதற்கு முன்பே சென்னைக்கும் பம்பாய்க்கும் டெல்லிக்கும் குடிபெயர்ந்துவிட்டன. எஞ்சியிருந்த நிலமுள்ள சாதிகளின் பிள்ளைகள் இப்போது மெட்ரிக் பள்ளிக்குப் போனார்கள். களத்தில் மூட்டைக் கணக்கில் பணம் கொடுத்தவர்களின் பேரப் பிள்ளைகள்தான் முதலில் வேனில் ஏறியவர்கள். திண்ணைப் பள்ளியில் நடந்தது திரும்ப நடந்தது.

இதில் பெற்றோரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பிள்ளையை நான் எங்கே படிக்க வைத்தேன் என்று என்னைக் கேட்டால் தலைகுனியத்தான் வேண்டும். ஆனால் அந்த வேட்கை எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது என்பதையும் மறக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில், ஒரே கட்டிடத்துக்குள் மூன்று பள்ளிகள் இயங்கிய இடத்தில், கூரைக் கொட்டகை எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். ஓலைக் கூரைகளை அகற்ற உத்தரவு வந்தது, விசாரணை ஆணையம் வந்தது, பத்தாண்டு கழித்துத் தீர்ப்பும் வந்தது. அந்தத் தெருவைக் கடக்கும்போது இன்றும் என்னால் பேச முடிவதில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு 2013 முதல் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. ஏழைப் பிள்ளையும் தனியார் பள்ளியில் படிக்கலாம், கட்டணத்தை அரசு கொடுக்கும். நல்ல எண்ணம்தான். அடுத்த தெருவிலிருக்கும் தன் பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்துப் போக அரசே பணம் கட்டும் விநோதமும் அதற்குள் இருக்கிறது. எல்.கே.ஜி.யில் அப்படிப் போன பிள்ளை ஆறாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளிக்குத் திரும்பி வருவது அரிது.

தஞ்சைக்கு இதோடு தண்ணீர்க் கதையும் சேர்ந்துகொண்டது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தால் குறுவை. அதே ஜூனில் பள்ளியும் திறக்கும். டெல்டாவின் நாட்காட்டியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தேதிகள். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அணை அந்தத் தேதியில் திறக்கவில்லை. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து வயலில் ஆள் தேவையைக் குறைத்தன. வேலை போன குடும்பங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போயின. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, வேதாரண்யம் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது இன்னும் சிலர் போனார்கள். இப்படிப் போன குடும்பங்களின் பிள்ளைகளை ஊர்ப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்திருப்பார்கள்.

இனி அந்தப் பதிவேட்டைப் பற்றி. தமிழகத்தில் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் 'உபரி' ஆவார். 'பணிநிரவல்' என்ற பெயரில் வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார். அலுவலகக் கண்ணுக்கு இது நியாயம். சிறிய உயர்நிலைப் பள்ளியில் என்ன ஆகும் என்று பாருங்கள். கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர் என்றிருக்கும் இடத்தில் ஒருவர் போனால் ஒரு பாடமே போகிறது. கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளிக்கு யார் பிள்ளையை அனுப்புவார்கள்? அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் குறையும். இன்னொருவர் உபரி. பள்ளியை மூடும் ஆணையை யாரும் பிறப்பிக்க வேண்டியதில்லை; இப்படியே நாலைந்து ஆகஸ்ட் போதும். பிறகு ஒருநாள், மாணவரில்லை, ஆகவே மூடுகிறோம் என்று சொல்லும்போது அது வெறும் உண்மையாகவே இருக்கும்.

2019 ஆகஸ்டில் மாணவரே இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்குவதாக அறிவித்தார்கள். (பிள்ளைகள் இல்லாத ஊரில் நூலகத்தில் யார் படிப்பார்கள் என்று அப்போது கேட்காதவர் இல்லை.) புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரில், நூலகமான பள்ளி ஊரார் பிள்ளைகளைச் சேர்த்ததும் மீண்டும் பள்ளியாயிற்று. 2025-26 கல்வியாண்டில் மாணவர் சேர்க்கை பூஜ்யமான அரசுப் பள்ளிகள் இருநூறைத் தாண்டின. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதே பட்டியலில் தனியார் பள்ளிகள் அதைவிடப் பல மடங்கு. முதலில் வேனில் ஏறியவர்களின் வீடுகளிலும் இப்போது ஒரு பிள்ளைதான்.

இவை பெரும்பாலும் தொடக்கப் பள்ளிகள். உயர்நிலைப் பள்ளியின் முறை பத்தாண்டு பிந்தி வரும். ஒன்றாம் வகுப்பில் இல்லாத பிள்ளை பத்தாம் வகுப்பில் எப்படி இருக்கும்? 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோது, அதன் தொடக்க விழா நடந்தது திருக்குவளைப் பள்ளியில். அது நல்ல காரியம். ஆனால் அந்த உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்ற கேள்விக்கு வீட்டில் வேறு கணக்கு இருக்கிறது.

சிறிய பள்ளிகளை இணைத்து, ஐந்து கிலோமீட்டரில் ஒரு பெரிய பள்ளி, எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர், ஆய்வகம், விளையாட்டுத் திடல் என்று செய்தால் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க நியாயமான கேள்விதான். ராஜஸ்தானில் 2014இல் ஆயிரக்கணக்கான பள்ளிகளை அப்படி இணைத்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் 2025இல் தொடங்கி நீதிமன்றம் வரை போனது. கேரளத்தில் வேறு வழி பார்த்தார்கள். ஆதாயமற்றது என்று மூடப்பட இருந்த கோழிக்கோடு மலாப்பறம்பு பள்ளியை 2016இல் அரசே ஏற்றுக்கொண்டது.

எங்கள் நாகப்பட்டினத் துறையிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் அனுபவமும் இங்கே உதவும். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் அவர்கள் பிள்ளைகளுக்கென்று தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. 1957இல் எண்ணூறுக்கும் மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது பல பள்ளிகள் மூடப்பட்டன, பல இணைக்கப்பட்டன, சிலவற்றின் உரிமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகள் இருக்கும் நகரத்தில் புதிதாகக் கட்டினார்கள். இப்போது ஐந்நூற்றுச் சொச்சம். பள்ளி பிள்ளையின் பின்னால் போவது என்பது அது. இங்கே இணைப்பு என்று பேசும்போது பிள்ளை பள்ளியின் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அதிலும் எந்தப் பிள்ளை? வேன் வைத்துக்கொள்ள முடிந்த வீட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே போய்விட்டார்கள்.

சென்ற வருஷம் ஊருக்குப் போனபோது நான் படித்த உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்து பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம். எங்கள் காலத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு மூன்று பிரிவுகள், பெஞ்சுக்கு ஆறு பேர். இப்போது பத்தாம் வகுப்புக்கு ஓர் அறையின் முன்வரிசை போதுமாக இருந்தது. இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். பையன்களைக் கடன் வாங்கியாவது டவுன் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்றார் ஆசிரியை. பள்ளியை இணைத்துவிட்டால் இவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். ஆற்றுக்கு அக்கரையில் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, டவுன் பஸ் காலையில் ஒன்று, அதை விட்டால் பத்தரைக்குத்தான் என்றார். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், நீ போவாயா அம்மா என்று கேட்டேன். நான் போவேன் சார், வீட்டில் விட மாட்டார்கள் என்றாள்.

வாசல் சுவரில் நிலமும் நெல்லும் கொடுத்தவர்களின் பெயர்ப் பலகை இருக்கிறது. சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மங்கிவிட்டது. என் தாத்தாவின் பெயரை விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது.